சம்மட்டிக்காரருக்குக் கட்டிய முதல் காப்பு

எங்கள் ஊரில் சம்மட்டி எறிவதைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாத வாயே கிடையாது. எறியத் தெரிந்தவர் என்னவோ ஒரே ஒருவர்தான். அவர் என் வீட்டுக்காரர். மாத்தளைக் கடைவீதியில் துணி கிழிக்கிறவர், தேத்தண்ணி ஆற்றுகிறவர், பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவர் எல்லாரும் அவருக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்கள். "இன்னும் கொஞ்சம் குனிஞ்சு எறிங்க தம்பி" என்பார் ஒருவர். "காத்து அடிக்கிற பக்கமா விட்டா அதுவா போகும்" என்பார் இன்னொருவர். சொன்னவர்களில் ஒருவர்கூட அந்தக் குண்டைத் தரையிலிருந்து தூக்கிப் பார்த்ததில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பேர்தான் சம்மட்டி. கல் உடைக்கிற சம்மட்டிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பதினாறு றாத்தல் இரும்புக் குண்டு, அதில் ஒரு நீளக் கம்பி, கம்பியின் முனையில் கைப்பிடி. ஒரு சின்ன வட்டத்துக்குள் நின்று குண்டைத் தலையைச் சுற்றிச் சுழற்றி, பிறகு தானும் அதோடு சேர்ந்து சுற்றி, வேகம் ஏறியதும் விட்டுவிட வேண்டும். கால் வட்டத்துக்கு வெளியே போனால் எறிந்தது செல்லாது. குண்டு பக்கவாட்டில் போய் வலையில் அடித்தாலும் செல்லாது. இவ்வளவுதான் விஷயம். கல்யாணமான புதிதில் முதல் தடவை இதைப் பார்த்தபோது, இந்த மனுஷனுக்குத் தலையில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். நான் இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கணக்கப்பிள்ளை மகள். எங்கள் பக்கத்தில் ஆம்பிளைகள் கையில் கிடைத்ததை எறிந்தால் குடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இவருக்குக் குடி கிடையாது. மிளகும் கொக்கோவும் வாங்குகிற முஸ்லிம் முதலாளி ஒருவரின் கடையில் எடை போடுகிற வேலை. படித்த பள்ளிக்கூடத்தில் வெள்ளைக்காரர் காலத்துக் குண்டு ஒன்று துருப்பிடித்துக் கிடந்திருக்கிறது. அதை எறிந்து பழகியவர், பள்ளிக்கூடத்தை விட்ட பிறகும் அதை விடவில்லை. ஊர் மைதானத்தில் எறிந்தால் குழி விழுகிறது என்று கிரிக்கெட் ஆடும் கனவான்கள் துரத்திவிட்டார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் குண்டைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் ஏற்றி, பல்லேபொலைப் பக்கம் அறுவடை முடிந்த வயல் ஒன்றுக்குக் கொண்டுபோவார். சாக்கைத் தூக்கிப் பார்த்த கொண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்பான். வயல்காரர் ஒரு சிங்கள மனிதர். போகும்போது குழியை மூடிவிட்டுப் போ என்பதைத் தவிர வேறெந்தப் புத்தியும் சொல்லாதவர் அவர் ஒருவர்தான்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அவர், நான், மாமி. கல்யாணமாகி ஏழு வருஷம் பிள்ளை இல்லை. மாமி வெற்றிலையை மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், சுவரிடம் பேசுவார். "சிலதுங்க சாப்பிடுறதுக்கின்னே பொறந்திருக்குதுங்க" என்பார். அந்தச் சுவர் ஏழு வருஷம் கேட்டது எல்லாம் என்னைப் பற்றித்தான். ஊரும் சும்மா இருக்கவில்லை. வளைகாப்பு வீட்டில் நான் முன்வரிசையில் உட்கார்ந்தால் யாராவது வந்து, "அடுப்படியில ஒரு கை கொறையுது, கொஞ்சம் வர்றியா?" என்று பதமாக எழுப்பிக்கொண்டு போவார்கள். நானும் போவேன். போகும்போது மனதுக்குள் அவர்களுக்கு நல்ல வார்த்தைகளாகச் சொல்லிக்கொண்டுதான் போவேன்.

அறுபதுகளின் நடுப்பகுதியில், கொழும்பில் நடந்த தேசியப் போட்டியில் அவர் முதலாவதாக வந்தார். ஆசிய நாடுகள் எல்லாம் கூடி ஓடி, பாய்ந்து, எறிகிற பெரிய மெய்வல்லுநர் போட்டிக்கு அவரைத் தெரிவு செய்தார்கள். மாமனார் இருந்த காலத்திலேயே அலைந்து திரிந்து பிரஜாவுரிமை வாங்கி வைத்திருந்ததால் பாஸ்போட் கிடைத்தது. இல்லாவிட்டால் எங்கள் தோட்டத்துச் சனங்களைப் போல இவரும் எந்த நாட்டுக்காரர் என்று தெரியாமல் குண்டோடு நின்றிருப்பார். ஒரு மாதம் கொழும்பில் பயிற்சி. கடை முதலாளி, "போய்ட்டு வா தம்பி, தராசு எங்கயும் ஓடிப் போகாது" என்று சொல்லி, சம்பளத்தையும் வெட்டாமல் அனுப்பினார்.

அப்போதுதான் ஊர் விழித்துக்கொண்டது. அதுவரை "அந்தக் குண்டு எறியிற ஆளு" என்று சொன்ன வாய்கள் "நம்ம தம்பி" என்று சொல்லத் தொடங்கின.

எல்லாரையும் விட அதிகமாக விழித்தவர் எங்கள் கோயில் தலைவர். கடைவீதிக்குப் பின்னால் ஒரு சின்ன அம்மன் கோயில் இருந்தது. தலைவர் பெரிய புடைவைக்கடை முதலாளி. அவருக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே கவலை ஊரின் பெரிய கோயில். அங்கே தேர் உண்டு, கூட்டம் உண்டு, கண்டியிலிருந்தெல்லாம் ஆள் வரும். எங்கள் கோயிலில் இருந்தது ஒரு சப்பறம்; அதற்கும் ஒரு சில்லு கோணல். பெரிய கோயிலிடம் இல்லாத ஒன்று எங்களிடம் இருக்க வேண்டும் என்று அவர் வருஷக்கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தார். பிளேனில் போகிற ஆள் ஒருவர் தன் கோயில் தெருவிலேயே இருக்கிறார் என்று தெரிந்ததும் மனிதருக்குத் தூக்கம் போய்விட்டது.

பிளேன் ஏறுவதற்கு முன்னால் இரண்டு நாள் லீவு கொடுத்தார்கள் என்று என் வீட்டுக்காரர் ஊருக்கு வந்தார். அன்று வெள்ளிக்கிழமை, ஆடித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிற நாள். அடுத்த நாள் காலை பஸ்ஸில் அவர் திரும்பிப் போக வேண்டும். சாயங்காலம் தலைவர் ஆள் அனுப்பினார். "மரியாதை செய்யணுமாம், குடும்பத்தோட வரச் சொன்னாரு." மாலை போடுவார்கள், ஒரு பொன்னாடை போர்த்துவார்கள், தலைவர் அரைமணி நேரம் பேசுவார் என்று நினைத்துக்கொண்டு போனோம். கொழும்பில் கொடுத்த நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு போகச் சொன்னார் மாமி. ஆடி வெக்கையில் அவருக்கு வியர்த்து ஊற்றியது.

மாலை போட்டார்கள். பொன்னாடையும் போர்த்தினார்கள். பிறகு தலைவர் மைக்கை வாங்கி, "இந்த வருஷம் அம்மனோட மொதல் காப்பு, ஆசியாவுக்கே குண்டு எறியப் போற நம்ம தம்பிக்கு!" என்றார். கூட்டம் கைதட்டியது. பூசாரி மஞ்சள் கயிற்றோடு தயாராக நின்றார். என் வீட்டுக்காரர் கோட்டுக் கையை மடித்துவிட்டு, கையை நீட்டினார். நீட்டு என்றால் நீட்டுகிற ஆள் அவர். மூன்று முடிச்சு விழுந்தது. மேளம் அடித்தது. பெரிய கோயில்காரர்கள் காதில் விழ வேண்டும் என்று ஒலிபெருக்கியை அந்தப் பக்கம் திருப்பியே கட்டியிருந்தார்கள்.

மேளம் ஓய்ந்ததும் அதே மைக்கில், அதே தலைவர், வருஷா வருஷம் வாசிக்கிற அறிவிப்பை வாசிக்கத் தொடங்கினார். காப்புக் கட்டியவர்கள் மாமிசம் சாப்பிடக் கூடாது. பாயில் படுக்கக் கூடாது. தீ மிதித்து, மஞ்சள் நீராடி, காப்பு அவிழ்க்கிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் குடும்பத்துக்கு ஆகாது.

கடைசி வரியை வாசிக்கும்போது அவருடைய குரல் மெல்ல மெல்ல இறங்கியது. மைக்கைப் பிடித்தபடியே திரும்பி என் வீட்டுக்காரரின் கையைப் பார்த்தார். கூட்டமும் பார்த்தது. பத்து நாள் ஊரை விட்டுப் போகக் கூடாத கயிற்றை, விடிந்தால் நாட்டை விட்டே போக வேண்டிய மனிதன் கையில் கட்டிவிட்டார்கள். நிர்வாக சபை என்று இத்தனை பேர் வேட்டி கட்டிக்கொண்டு இரண்டு கிழமை கூடிக் கூடிப் பேசியிருக்கிறார்கள். ஒருத்தர் மண்டையிலும் இது உறைக்கவில்லை. எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு போய்விட்டது.

அவருடைய ஆசை எவ்வளவு என்று எனக்குத்தான் தெரியும். வயலில் தனியாக எறிந்துவிட்டு, தானே போய்க் குண்டைத் தோண்டி எடுத்து, குழியை மூடிவிட்டு, மறுபடி வந்து எறிந்து, அப்படியே வருஷங்களைக் கழித்தவர். யாராவது பார்க்கிற இடத்தில், நல்ல எறிகாரர்கள் நடுவில், ஒரு தடவை எறிந்துவிட வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. ஜெயிக்க வேண்டும் என்றுகூட அவர் சொன்னதில்லை.

"அறுத்துப் போட்டுட்டுப் போங்க" என்று காதில் சொன்னேன். அவர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். அம்மன் பயம் அவருக்கு எலும்பில் ஊறியது.

மண்டபத்தில் உட்கார்ந்து ஆலோசனை நடந்தது. அந்த ஆலோசனையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஒரு சபை உறுப்பினர் சொன்னார்: "எல்லைங்கிறது தரைக்குத்தான். பிளேனு மேலால போகுது. மேல ஏது எல்லை?"

"அப்ப கொழும்புக்குப் போற பஸ்ஸு?" என்று கேட்டேன்.

"அதுதான் யோசிக்கணும்" என்றார்.

இன்னொருவர், கோயில் மண்ணை ஒரு பிடி எடுத்துச் சப்பாத்துக்குள் போட்டுக்கொண்டால், எங்கே நின்றாலும் நம் ஊர் மண்ணில் நின்றதாகத்தானே கணக்கு என்றார். சப்பாத்துக்குள் மண்ணோடு அந்த வட்டத்தில் சுற்றினால் குண்டோடு சேர்ந்து ஆளும் பறப்பார் என்பது அவருக்குத் தெரியாது. மூன்றாவது ஆள் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். அவருக்கு எல்லாவற்றுக்கும் தந்திதான். "போட்டி நடத்துறவங்களுக்கு ஒரு தந்தி அடிப்போமே. ஒரு பத்து நாள் தள்ளிப் போடச் சொல்லிக் கேட்டா என்ன? சாமி காரியம்னா புரிஞ்சுக்க மாட்டாங்களா?" இதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. தலைவர் கொஞ்சநேரம் யோசித்தும் பார்த்தார்.

மாமி எழுந்து தலைவர் முன்னால் போய் நின்றார். "அவன் காப்ப நீங்க வாங்கிக் கட்டிக்கிங்க மொதலாளி. அவனுக்குப் பதிலா நீங்க தீ மிதிச்சா அம்மன் வேண்டாம்னா சொல்லப் போறா?"

தலைவர் காலை இழுத்துச் சம்மணத்துக்குள் வைத்துக்கொண்டார். "எனக்குச் சீனி வருத்தம் இருக்கு அம்மா. கால்ல புண்ணு வந்தா ஆறாது" என்றார்.

எல்லாரும் பூசாரியைப் பார்த்தார்கள். பூசாரி சபையில் சம்பளம் வாங்குகிறவர். ஆனாலும் சாமி விஷயத்தில் ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்காதவர். "கட்டுறது என் வேல. அவுக்கிறது அவ வேல" என்று சந்நிதியைக் காட்டினார். "கட்டக் கூடாத ஆளுக்குக் கட்டியிருந்தாத்தான் அது காப்பு இல்ல, வெறும் கயிறு. எழவு விழுந்த வீட்டுக்காரனுக்குக் கட்டக் கூடாது. பொண்டாட்டி முழுகாம இருக்கிறவனுக்குக் கட்டக் கூடாது. இந்தத் தம்பிக்குத்தான் அப்படி ஒண்ணும் இல்லையே."

இல்லையே என்று அவர் சொன்னதும் மண்டபத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் ஒன்றாக என்னைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, ஒன்றாகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். அந்தப் பரிதாபம் இருக்கிறதே, அதுதான் என் வாயைத் திறந்தது.

"நான் முழுகாம இருக்கேன்" என்றேன்.

மேளக்காரர்கூட நிமிர்ந்து பார்த்தார். தலைவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என் பேச்சை நம்பி அவருக்குப் பழக்கமில்லை. மாமியைப் பார்த்து, "மெய்தானா அம்மா?" என்றார்.

மாமிக்குத் தெரியும். போன வாரம்தான் நான் பின்தாழ்வாரத்தில் தனிப் பாயும் தனித் தட்டுமாகத் தூரமாக இருந்தேன். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று எனக்குச் சோற்றைத் தள்ளியவரே அவர்தான். அவர் மகன் அப்போது கொழும்பில். ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. அந்த வாரம் நான் கோயில் பக்கம் வராததைக் கவனிக்கிற அளவுக்கு நான் யாருக்கும் முக்கியமில்லை. ஏழு வருஷமாகச் சுவரிடம் என்னைப் பற்றிப் புகார் சொன்ன மனுஷிக்கு, இப்போது என்னை இருக்கிற இடம் தெரியாமல் ஆக்குவதற்கு ஒரு வார்த்தை போதும்.

மாமி வாயில் இருந்த வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

"ரெண்டாம் மாசம்" என்றார். "அவ வாயாலயே புருஷன்கிட்ட சொல்லட்டும்னு இருந்தேன். நீங்க விடல. கேக்காம கட்டுனது ஒங்க தப்பு பூசாரி. அவுருங்க."

பூசாரி அவிழ்த்தார். அந்தக் கயிற்றை எங்கே போடுவது என்று தெரியாமல் தலைவர் கொஞ்சநேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என் வீட்டுக்காரர் நீலக் கோட்டோடு அப்படியே உட்கார்ந்து, அத்தனை பேர் முன்னாலும் விசித்து விசித்து அழுதார். சந்தோஷத்தில் அழுகிற ஆம்பிளையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எனக்கும் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்குப் போகிற வழியில் அவர் முன்னால் நடந்தார். மாமி என் கையை இறுக்கிப் பிடித்து, "வாய மூடிக்கிட்டு வா" என்றார். "போயிட்டு வரட்டும். இப்ப இவன்கிட்ட சொன்னா, நாளைக்கு பஸ் ஸ்டேண்டுல நிக்கிறவனுக்கெல்லாம் தெரிஞ்சிரும்."

அது உண்மை. என் வீட்டுக்காரர் வாயில் ஒரு ரகசியம் தங்காது. அதுவும் கோயிலில் நின்று சொன்ன பொய் என்றால், முகத்திலேயே எழுதி ஒட்டிக்கொண்டு திரிவார். அதனால் வாயை மூடிக்கொண்டேன். காலையில் பஸ் ஸ்டேண்டில் தலைவர் இரண்டாவது மாலையோடு வந்து நின்றார். அவர் பேசி முடிக்கிறவரை பஸ் புறப்படவில்லை. என் வீட்டுக்காரர் ஜன்னலால் தலையை நீட்டி, "கனமா எதையும் தூக்காத புள்ள. ஆட்டுக்கல்லுப் பக்கமே போகாத" என்றார். தண்ணிக் குடத்தைத் தூக்கக் கூடாதாம். சொன்னவர் மடியில் பதினாறு றாத்தல் இருந்தது.

அவர் போன பிறகு ஊர் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கியது. புளி கொண்டுவந்தார்கள், மாங்காய் கொண்டுவந்தார்கள். என்னை வளைகாப்பு வீட்டு அடுப்படிக்கு அனுப்பிய அதே பெண்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கு மொதல்லயே தெரியும், ஒன் மொகத்துலயே ஒரு களை வந்திருச்சு" என்றார்கள். தலைவரின் பெண்சாதி ஒரு டப்பா தொதல் இனிப்போடு வந்தார். ஏழு வருஷத்தில் அந்த அம்மாள் எங்கள் படியை மிதித்ததில்லை. இல்லாத பிள்ளைக்கு இருந்த மதிப்பில் பாதி எனக்கு இருந்திருந்தால் நான் ராணி மாதிரி இருந்திருப்பேன். தொதலை நானும் மாமியும் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது.

போட்டி முடிந்த செய்தியைக் கடை முதலாளிதான் இங்கிலீஷ் பேப்பரில் பார்த்துச் சொல்லி அனுப்பினார். முதல் இரண்டு தடவையும் வலையில் அடித்துவிட்டதாம். மூன்றாவதும் போனால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். மூன்றாவது எறிந்ததில், நம் நாட்டில் அதுவரை எந்த மனிதனும் எறியாத தூரம் போயிருக்கிறது. ஆனாலும் வந்த எல்லாரிலும் அவர்தான் கடைசி. மற்ற நாட்டு எறிகாரர்கள் அப்படி. அவர்களுக்கு எறிவதுதான் வேலை. மிளகு நிறுக்கத் தேவையில்லை.

ஊரின் காதில் விழுந்தது "கடைசி" என்ற ஒரு வார்த்தை மட்டும். ரஸ்தாவில் ஒரு பூசணிக்காயைக்கூட எறிந்து பார்க்காதவர்கள், "கடைசியாவா வந்தாரு?" என்று உதட்டைப் பிதுக்கினார்கள். கொழும்பிலிருந்து கூடப் போன உத்தியோகத்தர்களோ, எறிந்தவர்களையும் ஓடியவர்களையும் விட அதிகம். அவர்கள் எத்தனையாவதாக வந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் மாதத்தை மூன்றாம் மாதமாக்க முடியாது. அதனால் தீ மிதிப்பு முடிந்த மறுநாள், தண்ணீர்க் குழாயடியில் மாமி, "கலஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டு வந்தார். சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்து என்னைப் பாயில் படுக்கச் சொன்னார். எனக்குச் சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். பெண்கள் வந்து தலையைத் தடவினார்கள். நான் அழுதேன். நடிக்கிறேன் என்றுதான் தொடங்கினேன். பிறகு பார்த்தால் நிறுத்த முடியவில்லை. ஏழு வருஷத்து அழுகை. மாமி அவர்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். சுவரிடம் ஒன்றும் பேசவில்லை.

ஆனால் நாங்கள் ஒன்றை யோசிக்கவில்லை. அந்தச் சாயங்காலத்துக்குள் ஊர் இரண்டு செய்தியையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. காப்பை அவிழ்த்துவிட்டுப் போனார், கடைசியாக வந்தார், பிள்ளையும் போயிற்று. கட்டக் கூடாத ஆளுக்குக் கட்டிய வெறும் கயிறு என்று அவிழ்த்தவர்களே, அது காப்புத்தான், எல்லையைத் தாண்டியதால் அம்மன் பிள்ளையை எடுத்துக்கொண்டாள் என்றார்கள். உண்டாகாத பிள்ளையைக் கொன்ற பழியை அம்மன் தலையில் போட்டதற்கு அந்த ஊரில் ஒருவருக்கும் வெட்கமில்லை. பழி என்றுகூட அவர்கள் நினைக்கவில்லை, பெருமையாகத்தான் பேசினார்கள். பெரிய கோயில் அம்மனுக்கு இப்படி ஒரு சக்தி உண்டா என்று தலைவர் கடையில் உட்கார்ந்து துணி வாங்க வந்தவர்களிடம் கேட்டாராம்.

என் வீட்டுக்காரர் வந்து இறங்கிய அன்று நாங்கள் வீட்டில் காத்திருந்தோம். வாசலில் வைத்தே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று நான் முடிவு செய்திருந்தேன். யார் காதில் விழுந்தால் என்ன, விழட்டும் என்று துணிந்திருந்தேன். ஆனால் பஸ் ஸ்டேண்டில் தலைவர் முந்திக்கொண்டார். தோளில் கையைப் போட்டு, துக்கம் விசாரித்து, அம்மன் கணக்கையும் விளக்கமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். என் வீட்டுக்காரர் வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தார். பையில் ஒரு சின்ன கம்பளித் தொப்பி இருந்தது. சிவப்பு. அதை எடுத்துக் காட்டினார்.

"மூணாவது எறி எறியிறப்ப நம்ம புள்ளைக்குச் சொல்லணுமேன்னு நெனச்சுக்கிட்டுத்தான் சுத்தினேன்" என்றார். "நான் போயிருக்கக் கூடாது."

அழுகிற மனிதனிடம் அந்த நேரத்தில் பொய், உண்மை என்று பஞ்சாயத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் ஆறட்டும், பிறகு சொல்லலாம் என்று மாமி கண்ணைக் காட்டினார். ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்தார். சாக்கு கட்டிலுக்கு அடியில் கிடந்தது. கேட்டால், தோளில் வலி என்றார்.

அடுத்த வருஷம் கொழும்பிலிருந்து ஓர் ஆள் தேடிக்கொண்டு வந்தார். அந்த மூன்றாவது எறியை அவர் நேரில் பார்த்தவர். அதைவிடப் பெரிய போட்டி வருகிறது, உலகத்தின் பாதி நாடுகள் வரும், இந்தத் தடவை நல்ல பயிற்சி கொடுப்போம், வயது இருக்கிறது, தூரம் இன்னும் கூடும் என்று எவ்வளவோ சொன்னார். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "இல்லீங்க சேர். நான் ஊரை விட்டு எங்கயும் போறதில்ல" என்றார். அந்த மனிதர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, மத்தியானம் கண்டி பஸ்ஸில் போவதாகவும், அதுவரை யோசிக்கும்படியும் சொல்லிவிட்டுக் கடைத்தெருப் பக்கம் போனார்.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. சோறு போட்டு முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"அது பொய்ங்க. நான் முழுகாம இருக்கவே இல்ல. ஒங்க கையில கட்டுனதை அவுக்கிறதுக்குத்தான் சொன்னேன். கலையிறதுக்கு ஒண்ணும் இருக்கல."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவு அன்பாக அவர் அதற்கு முன்னால் என்னைப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

"தெரியும் புள்ள" என்றார். "நான் போகணும்னுதானே இப்படி சொல்ற."

"ஐயோ, மெய்யாத்தான் சொல்றேன். மாமியக் கேளுங்க."

மாமி அடுப்படியிலிருந்து எழுந்து வந்தார். விளக்கு மாடத்தில் கையை வைத்தார். "சத்தியமா இல்லடா. அதுக்கு முந்தின கெழமதான் இவ தூரமா இருந்தா. நான்தான் சோறு போட்டேன். நானும் சேர்ந்துதான் பொய் சொன்னேன்."

அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீயும் இவளோட சேர்ந்துக்கிட்டியாம்மா?" என்றார். "அம்மன் சந்நிதியில நின்னு, ரெண்டாம் மாசம்னு நீதானே சொன்ன. என்னைப் பெத்தவ நீ. அந்த எடத்துல நின்னுக்கிட்டு நீ பொய் சொல்லுவியா?"

மாமி விளக்கு மாடத்திலிருந்து கையை எடுத்தார். என்ன சொல்வது? சொல்லுவேன் என்றாலும் அவர் நம்பமாட்டார். நம்பக் கூடாத இடத்தில் அத்தனை பேரும் எங்களை நம்பினார்கள். நம்ப வேண்டிய ஒரே ஆள், சோற்றுக் கையோடு உட்கார்ந்து எங்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தத் தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். எறியவில்லை. எங்கள் வீட்டில் எறிகிற வேலை அன்றோடு முடிந்தது.

கை கழுவிவிட்டு அவர் பஸ் ஸ்டேண்டுக்குப் போய், கொழும்பு ஆளிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த வாரமே சாக்கோடு குண்டைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். பிறகு எங்களுக்குப் பிள்ளை பிறக்கவேயில்லை. அதற்கும் ஊர் அதே காரணத்தைத்தான் சொன்னது; அவரும் அதையே நம்பினார். மாமி சாகும்போதுகூட அவரைக் கூப்பிட்டு இன்னொரு தடவை சொன்னார். அவர் அம்மாவின் கையைத் தடவிக்கொடுத்து, "சரிம்மா, சரி" என்றார். இப்போது நான் சொன்னது உண்மை என்று தெரிந்தவள் அம்மன் ஒருத்திதான். அவளும் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை.